21 நாள் எரிந்த அடுப்பு

போன மாதம் மச்சினன் மகன் குர்காவ்னில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோனான். பால் காய்ச்சி முடிந்ததும் வீட்டைச் சுற்றிக் காட்டினான். சமையலறை சிங்க்குக்கு அடியில் உருளையாக ஒரு மெஷின். மிச்சம் மீதியைப் போட்டு சுவிட்சைத் தட்டினால் அரைத்துத் தண்ணீரோடு சாக்கடைக்கு அனுப்பிவிடுமாம். "மாமா, இதுல என்னெல்லாம் போடக்கூடாது?" என்று கேட்டான்.

அமெரிக்காவின் ரசீன் நகரத்தில் ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1927-ல் கண்டுபிடித்த சாமான் இது. உள்ளே கத்தி எதுவும் கிடையாது. ஒரு தட்டு வேகமாகச் சுழன்று, போட்டதை ஓரத்து வளையத்தில் மோதவிட்டுத் தேய்க்கிறது. அதனால் நார் இதற்கு ஆகாது. முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ மடல், தேங்காய் நார் எதுவும் கூடாது. சோறு குழாய்க்குள் போய் ஊதும். எண்ணெய், நெய்யை ஊற்றினால் டெல்லி ஜனவரியில் குழாயிலேயே உறைந்துவிடும். ஆக, நம் சமையலறையில் பாதியைப் போடக்கூடாது! அவனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்குத் திமார்பூர்தான் ஞாபகம் வந்தது.

வடக்கு டெல்லியில், யமுனைக் கரைக்குப் பக்கத்தில் இருக்கிறது திமார்பூர். 1987-ல் மத்திய அரசு அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க ஒரு ஆலை கட்டியது. டென்மார்க் தொழில்நுட்பம். நாளொன்றுக்கு 300 டன் குப்பை, 3.75 மெகாவாட் மின்சாரம் என்பது திட்டம். ஆலை ஓடியது மொத்தம் 21 நாள்!

மெஷின் மேல் தப்பில்லை. அது நன்றாக எரிய, ஒரு கிலோ குப்பையில் சுமார் 1,460 கிலோகலோரி வெப்பம் இருக்க வேண்டும். டெல்லிக் குப்பையில் இருந்ததோ 600, 700தான். மீதி ஈரமும் மண்ணும். காய்கறித் தோல், டீத்தூள், தர்பூசணி ஓடு, இவற்றோடு வாசலில் பெருக்கிய புழுதி. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 540 கிலோகலோரி போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அடுப்பு தன் சூட்டையெல்லாம் கத்தரிக்காய்க் காம்பைக் காயவைக்கவே செலவழித்திருக்கும்.

சரி, எரியக்கூடியதெல்லாம் எங்கே போயிற்று? பழைய பேப்பர், அட்டை, பாட்டில், தகரம் எல்லாவற்றையும் வாசலிலேயே கபாடிவாலா எடைபோட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறான். தப்பியதைத் தொட்டியில் கிளறிப் பொறுக்குபவர்கள் எடுத்துவிடுவார்கள். டென்மார்க்கில் உலைக்குப் போகும் காகிதம் இங்கே ஒருவருடைய ராத்திரிச் சாப்பாடு. இதைத் தெரிந்துகொள்ள நிபுணர் தேவையில்லை, ஒரு நாள் காலையில் டெல்லித் தெருவில் நின்றால் போதும். எங்கள் பேங்கில் ஒருவர் அரிசி ஆலைக்குக் கடன் கேட்டு வந்தால்கூட, நெல் எங்கிருந்து வருகிறது, ஈரப்பதம் எவ்வளவு என்று கேட்காமல் ஃபைலை நகர்த்த மாட்டோம். (கேட்டும் வாராக்கடன் ஆவது வேறு கதை.)

திமார்பூர் அணைந்ததும் அந்த ஈரக் குப்பை வேறெங்கும் போகவில்லை. 1984-ல் திறந்த காஜிபூர் கிடங்கு, 1994-ல் பல்ஸ்வா, 1996-ல் ஓக்லா என்று மலைகளாக ஏறியது. அல்மித்ரா படேல் 1996-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதன் பிறகு 2000-ல் வந்த விதிகள், மக்கும் குப்பையைக் கிடங்கில் கொட்டவே கூடாது என்றன. ஆனாலும் கொட்டினார்கள். காற்றில்லாமல் புதைந்த காய்கறி மீத்தேனாக மாறும். மலை தானாகப் பற்றிக்கொள்ளும். 2022-ல் காஜிபூரும் பல்ஸ்வாவும் எரிந்தன, 2024-ல் மறுபடி காஜிபூர்.

அதற்கு முன்பே 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி, காஜிபூர் மலையின் ஒரு பக்கம் சரிந்து பக்கத்துக் கால்வாயில் விழுந்தது. சாலையில் போன வண்டிகளையும் சேர்த்துத் தள்ளியது. இரண்டு பேர் செத்துப்போனார்கள். குப்பை விழுந்து சாவது என்றால் என்னவென்று அன்று ராத்திரி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

2012-ல் ஓக்லாவில் குப்பை மின் ஆலை வந்தது. நடத்தும் கம்பெனியின் பெயரில் இன்னமும் திமார்பூர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடுத்த வருடங்களில் வேறு ஆலைகளும் வந்தன. ஈரம் அவர்களுக்கும் தலைவலிதான். ஈரத்தையும் உலர்ந்ததையும் வீட்டிலேயே பிரித்து வைக்க வேண்டும் என்று 2016 விதிகள் எல்லோருக்கும் கட்டாயமாக்கின.

நான் மட்டும் யோக்கியமா? பல வருடம் சாம்பார் வண்டலையும் வெங்காயத் தோலையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, இறுக்கி முடிச்சுப் போட்டு, சுத்தமாக இருக்கிறோம் என்ற பெருமையோடு தொட்டியில் எறிந்தவன்தான். இப்போது பால்கனியில் ஓட்டை போட்ட ஒரு வாளி இருக்கிறது, அடியில் காய்ந்த இலை. ஆறு வாரத்தில் கறிவேப்பிலைச் செடிக்கு உரம் ஆகிவிடும் என்று வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். மூன்று மாதம் ஆயிற்று. மச்சினன் மகன் அந்த வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "மாமா, இதுல முருங்கைக்காய் சக்கை போடலாமா?" என்றான். தாராளமாகப் போடலாம்.