கோ 205 யாருடைய கரும்பு? ஜானகி அம்மாள் பற்றிய ஒரு மறுவாசிப்பு

தாவர உயிரணுவியலில் முன்னோடியான இ.கே. ஜானகி அம்மாளைப் பற்றி அண்மைக் காலத்தில் எழுதியவர்களில் பலரும் ஒரு கூற்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: இந்தியக் கரும்புக்கு இனிப்பை ஊட்டியவர் அவர். அவர் கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பணியாற்றியது உண்மை. அங்கே உருவான கரும்புகள் நாட்டின் சர்க்கரைத் தொழிலை மாற்றியதும் உண்மை. இரண்டையும் முடிச்சுப் போடும் இடத்தில்தான் சிக்கல்.

காலவரிசை இந்த முடிச்சுக்கு இடம் தரவில்லை. நிலையம் தொடங்கியது 1912-இல். அங்கே பணியாற்றிய சி.ஏ. பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் ‘வெள்ளை’ என்னும் கரும்பைக் கோவைப் பகுதி நாணலோடு கலந்து உருவாக்கிய கோ 205 என்னும் ரகம் வெளியானது 1918-இல். ஜானகி சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்ததே 1921-இல்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவரான அவர், கோவை நிலையத்தில் சேர்ந்தது 1934-இல். அதற்குள் கோ 205 வெளியாகிப் பதினாறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

தேதிப் பிழை மட்டும் என்றால் ஓர் அடிக்குறிப்பில் திருத்திவிடலாம். ‘இனிப்பு ஊட்டினார்’ என்ற வாசிப்பு கரும்பு இனக்கலப்பின் நோக்கத்தையே தலைகீழாக்குகிறது என்பதுதான் இங்கே முதன்மையான மறுப்பு.

நாணலில் சர்க்கரை மிகக் குறைவு. இனிப்புக்காக யாரும் அதைத் தேடிப் போகமாட்டார்கள். வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் வெப்பமண்டலத்துத் தடித்த கரும்புகள் தாங்கவில்லை. அங்கே தாக்குப்பிடித்து நின்ற நாட்டுக் கரும்புகளோ மெலிந்தவை, விளைச்சல் குறைந்தவை. நாணல் கொடுத்தது உறுதியும் தூர்க்கட்டும் நோய் தாங்கும் திறனும். இனிப்பு ‘வெள்ளை’யின் பக்கத்திலிருந்து வந்தது. நாணலின் கலப்பால் குறைந்த சர்க்கரையை மீட்க, கலப்பினத்தை மறுபடி மறுபடி இனிப்புக் கரும்போடு சேர்க்க வேண்டியிருந்தது. ஜாவாவில் டச்சு அறிஞர்கள் இந்த வழியில்தான் பி.ஓ.ஜே. 2878 என்னும் புகழ்பெற்ற ரகத்தை எட்டினார்கள். தென்னிந்திய வயல்களை நெடுங்காலம் ஆண்ட கோ 419-க்கு அதுவே தாய். கோ 290 தந்தை.

திருப்பூர் வட்டாரத்தில், அமராவதி பாசனத்தில் உடுமலை, மடத்துக்குளம் பக்கம் கரும்பு போட்டவர்களுக்கு விளைச்சலும் இனிப்பும் வேறுவேறு என்பது புதிய செய்தியன்று. ஏக்கருக்கு எத்தனை டன் என்பது ஒரு கணக்கு, கிருஷ்ணாபுரம் கூட்டுறவு ஆலையில் சர்க்கரைக் கட்டுமானம் எவ்வளவு என்பது வேறொரு கணக்கு. ஒன்று கூடினால் மற்றதும் கூடும் என்று எந்த விவசாயியும் நம்பமாட்டார். ‘இனிப்பு’ என்ற ஒற்றைச் சொல்லில் இரண்டையும் அடக்கியவர்கள் வயல் கணக்கு பாராமல் எழுதியவர்கள் என்றே கருத வேண்டியிருக்கிறது.

அப்படியானால் கோவையில் ஜானகி செய்தது என்ன? இங்கே சான்றுகள் வலுவாக உள்ளன. 1938-இல் ‘நேச்சர்’ இதழில் கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்தது பற்றிய குறிப்பை வெளியிட்டார். 1941-இல் ‘ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்’ இதழில் கரும்பின் பேரினம் கடந்த கலப்பினங்களை விரிவாக ஆராய்ந்தார். ஒரே புல் குடும்பத்தைச் சேர்ந்த வெவ்வேறு பேரினங்கள் எவ்வளவு நெருங்கியவை, கலப்பில் குரோமோசோம்கள் எப்படி நடந்துகொள்கின்றன, அவை பன்மடங்காகும்போது என்ன நேர்கிறது என்பவையே அவருடைய கேள்விகள். கரும்பு-மக்காச்சோளக் கலப்பு ஆலைக்குப் போகும் ரகம் அன்று. அதன் மதிப்பை டன் கணக்கில் அளப்பது பொருந்தாது. இந்தப் பாதையின் தொடர்ச்சியாகவே, இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் நிலையத்தில் இருந்தபோது சி.டி. டார்லிங்டனுடன் சேர்ந்து 1945-இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டார்.

1934 முதல் 1939 வரை கோவை நிலையத்தில் நடந்த ரக உருவாக்கத்தில் அவருக்குப் பங்கே இல்லை என்று இக்கட்டுரை வாதிடவில்லை. அவருடைய குரோமோசோம் அறிவு இனப்பெருக்கப் பணிக்கு உதவியிருக்கக்கூடும். ஆனால் உதவியது வேறு, உருவாக்கியது வேறு.

இந்தத் திருத்தம் ஒரு பெண் அறிவியலாளரின் புகழைக் குறைத்துவிடும் என்ற ஆட்சேபம் நிற்காது. பார்பர், வெங்கட்ராமன் ஆகியோரின் கரும்பைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துத்தான் அவரை உயர்த்த வேண்டும் என்றால், அவர் எழுதியதை நாம் படிக்கவில்லை என்று பொருள்.

அதே திருப்பூர் வட்டாரத்தின் மற்றொரு பயிரான பருத்திக்கு, ஒருவர் கையில் எல்லாவற்றையும் கொடுக்கும் இந்தச் சிக்கல் நேரவில்லை. ‘திருப்பூர் கம்போடியா’ என்று சந்தையில் பேர் வாங்கிய பஞ்சு தொடங்கி, எம்.சி.யு. 5 வழியாக, கோவையில் உருவாகி 1974-இல் வெளியான சுவின் வரை எந்தப் பருத்தியையும் ஒரு தனி நாயகரோடு யாரும் கட்டிப்போடவில்லை. திருப்பூரின் பின்னலாடைத் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் முதலாளிகளின் உழைப்பையே பெரிதும் பேசினார்கள். நூலுக்குப் பின்னால் இருந்த ஆய்வுப் பண்ணைகளைத் தொடவே இல்லை என்பது வேறொரு குறை. கரும்பில் பொய்யான நாயகி, பருத்தியில் நாயகர்களே இல்லை. இரண்டு இடத்திலும் மறைந்துபோவது பலர் கூடிப் பல பருவங்கள் செய்த கூட்டு உழைப்பு.

எனவே பாடநூலும் மாவட்ட வரலாறும் தொகுப்போர் ‘இந்தியக் கரும்புக்கு இனிப்பை ஊட்டியவர்’ என்ற வாக்கியத்தைக் கைவிட வேண்டும். கோ 205 பார்பர், வெங்கட்ராமன் இருவருக்கும் அவர்களுடைய நிலையத்துக்கும் உரியது. பேரினம் கடந்த கலப்பினங்களும் 1945-இன் அட்லஸும் ஜானகி அம்மாளை முன்னோடி என்று சொல்லப் போதுமானவை.