சின்ன வேட்பாளர் என்று எந்த முழத்தால் அளக்கிறது?

2024 செப்டெம்பர் 21ஆம் திகதி எங்கட கையில் தந்த வாக்குச்சீட்டில் 39 பெயர்கள் இருந்தன. அதில் ஒருவர் வேட்புமனுவுக்குப் பிறகு காலமாகிவிட்டார். மிச்சம் 38 பேர். ஆனால் அந்த வருசம் ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரைக்கும் ஊடகங்கள் கதைத்தது ஒரே ஒரு விவாதத்தைப் பற்றித்தான்: சஜித் பிரேமதாசவும் அநுரகுமார திசாநாயக்கவும் ஒரே மேடைக்கு வருவார்களா, மாட்டார்களா? திகதி குறித்தார்கள், மாற்றினார்கள், ஒருத்தரை ஒருத்தர் பயந்தாங்கொள்ளி என்றார்கள். கடைசியில் விவாதம் நடக்கவேயில்லை. அந்தப் பரபரப்புக்குள்ள ஒரு கேள்வியை மட்டும் ஆருமே கேட்கவில்லை. அந்த மேடையில் ஏன் இரண்டு கதிரை மட்டும்?

"வெல்லக்கூடிய ஆக்கள் கதைச்சாக் காணும், மற்றவங்கள் சின்ன வேட்பாளர்" என்பதுதான் வழமையான பதில். இந்தச் 'சின்ன' என்ற சொல்லைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்பம்.

இலங்கையின் முதலாவது ஜனாதிபதித் தேர்தல் 1982 ஒக்டோபர் 20ஆம் திகதி நடந்தது. போட்டியிட்டது ஆறு பேர்: ஜே. ஆர். ஜெயவர்தன, ஹெக்டர் கொப்பேகடுவ, ரோஹண விஜேவீர, குமார் பொன்னம்பலம், கொல்வின் ஆர். டி சில்வா, வாசுதேவ நாணயக்கார. தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் நின்ற குமார் பொன்னம்பலத்துக்கு நாடு முழுக்கக் கிடைத்தது 173,934 வாக்கு, அதாவது 2.67 வீதம். கொழும்பில் இருந்து பார்த்தால் இது ஒரு அடிக்குறிப்பு. ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்தில் முதலாம் இடம் அவருக்குத்தான். ஜே. ஆரும் கொப்பேகடுவவும் அங்கே அவருக்குப் பின்னால்தான் நின்றார்கள்.

42 வருசத்துக்குப் பிறகும் அதே கதை. 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரனுக்கு நாடு முழுக்க 226,343 வாக்கு. 1.7 வீதம். யாழ்ப்பாணத்தில் மட்டும் 116,688. அங்கே முதலிடம் வந்த சஜித்துக்கும் இவருக்கும் இடையில் 4,500 வாக்கு வித்தியாசம்கூட இல்லை. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு சேர்ந்த எங்கட வன்னி மாவட்டத்தில் 36,377 வாக்கோடு மூன்றாம் இடம். நாட்டை வென்ற அநுரகுமார வன்னியில் அவருக்குப் பின்னால்.

ஆகவே 'சின்ன வேட்பாளர்' என்பது ஆளின் அளவில்லை, அளக்கிற முழத்தின் அளவு. ஜனாதிபதித் தேர்தலில் முழுத்தீவும் ஒரே தொகுதி. அந்த முழத்தால் அளந்தால் எண்ணிக்கையில் குறைந்த மக்களின் வேட்பாளர் எப்பவும் சின்னவர்தான்.

அமெரிக்காவை எடுப்பம். அங்கே ஜனாதிபதி விவாதங்களை நடத்திய ஆணைக்குழு 2000ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு விதி வைத்திருந்தது: தேசியக் கருத்துக்கணிப்புகளில் 15 வீத ஆதரவு இருந்தால்தான் மேடை. 1992இல் ரொஸ் பெரோ மூன்றாவது ஆளாக மேடையேறி 18.9 வீதம் எடுத்தவர். 15 வீத விதி வந்தபிறகு ஒரு மூன்றாம் வேட்பாளரும் அந்த மேடையில் ஏறவில்லை. இந்த விதியை அப்படியே இங்கே கொண்டுவந்தால் என்ன நடக்கும்? 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி இலங்கைத் தமிழர் 11 வீதமளவில். கடைசித் தமிழர்வரை ஒரே ஆளை ஆதரித்தாலும் அவருக்குக் கதவு திறக்காது.

பிரித்தானியா வேறு வழி போனது. 2015 ஏப்ரல் 2ஆம் திகதி தொலைக்காட்சி விவாதத்தில் ஏழு தலைவர்கள் நின்றார்கள். ஸ்கொட்லாந்தில் மட்டும் போட்டியிட்ட ஸ்கொட்லாந்து தேசியக் கட்சிக்கும் வேல்சில் மட்டும் போட்டியிட்ட பிளைட் கம்ரிக்கும் இடம் கொடுத்தார்கள். அந்தத் தேர்தலில் ஸ்கொட்லாந்து தேசியக் கட்சி எடுத்தது முழு நாட்டு வாக்கில் 4.7 வீதம். ஆனால் ஸ்கொட்லாந்தின் 59 ஆசனங்களில் 56 அவர்களுக்கு. அதே நேரம் வட அயர்லாந்தின் ஜனநாயக யூனியன் கட்சியைக் கூப்பிடவில்லை என்ற மனக்குறையும் இருந்தது. கோடு எங்கே கீறினாலும் ஆரோ ஒருவர் வெளியில் நிற்பார். ஆனாலும் அவர்கள் பிராந்தியத்தின் முழத்தாலும் அளந்து பார்த்தார்கள் என்பதுதான் எங்களுக்கு முக்கியம்.

இனி எங்கட சட்டத்துக்கு வருவம். 1978 அரசியலமைப்பு ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று விருப்பத்தெரிவு அடையாளமிட இடம் தந்திருக்குது. ஒருவருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரும் விலக்கப்படுவார்கள். விலக்கப்பட்டவர்களின் சீட்டுகளில் உள்ள அடுத்த விருப்பு அந்த இருவருக்கும் போய்ச் சேரும். அதாவது சட்டமே சின்ன வேட்பாளரை எதிர்பார்த்துத்தான் எழுதப்பட்டிருக்குது. "முதலில் உன் மனசுக்குப் பிடித்தவருக்குப் போடு, பிறகு இந்த இருவரில் ஆர் பரவாயில்லை என்று சொல்லு" என்பதுதான் அதன் பொருள்.

2024இல்தான் முதல் தடவையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. விலக்கப்பட்டவர்களுக்கு விழுந்த வாக்குகள் 33 இலட்சத்துக்கு மேல். அதிலிருந்து அநுரகுமாரவுக்குப் போனது 105,264, சஜித்துக்கு 167,867. கூட்டிப் பார்த்தால் 273,131. பன்னிரண்டு சீட்டில் ஒன்றுதான் இரண்டாம் சுற்றில் வாய் திறந்தது. மற்றவை ஊமையாகிப் போயின.

சிலர் தெரிந்தே ஒருவரோடு நிறுத்தியிருப்பார்கள். அது அவர்களின் உரிமை. ஆனால் சின்ன வேட்பாளரும் பெரிய வேட்பாளரும் ஒரே மேடையில் நின்றிருந்தால் இந்த இரண்டாம் விருப்பைப் பற்றிக் கதைக்காமல் தப்பியிருக்க ஏலாது. "உங்களுக்கு முதல் வாக்குப் போடாத ஆள் இரண்டாவதை ஏன் உங்களுக்குப் போடவேணும்?" என்று பெரியவரிடம் கேட்கலாம். "நீங்கள் வெல்லமாட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியும், உங்கட ஆக்கள் இரண்டாவதை என்ன செய்யவேணும்?" என்று சின்னவரிடமும் கேட்கலாம். 2024இல் தமிழ்ப் பொது வேட்பாளருக்கு எதிராகச் சொல்லப்பட்ட பெரிய வாதமே வாக்கு வீணாகும் என்பதுதான். அவர் இலங்கைத் தமிழரசுக் கட்சிக்காரர், கட்சி ஆதரித்ததோ சஜித்தை. இதையெல்லாம் ஆளில்லாத இடத்தில் அறிக்கை விட்டுக் கதைத்தார்களே ஒழிய முகத்துக்கு முகம் கதைக்கவில்லை. மேடை என்பது சின்ன வேட்பாளருக்குக் கொடுக்கிற சலுகை இல்லை, அவருக்கும் அது சோதனைதான்.

"அதுக்குத்தான் அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இலவச நேரம் இருக்கே" என்று சொல்லலாம். 1981ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல் சட்டத்தின் கீழ் வேட்பாளர்களுக்கு அந்த நேரம் கிடைக்குது, உண்மை. ஆனால் அங்கே ஒருவர் தனியக் கதைத்துவிட்டுப் போவார். மறுத்துக் கேட்க ஆளில்லை. விவாதத்தில் மட்டும்தான் கேள்வி மற்றவரின் வாசலுக்குப் போய்த் தட்டும்.

எந்தக் கேள்வி? எங்கட பக்கத்திலேயே ஒன்று இருக்குது. 2013 டிசம்பரில் திருக்கேதீஸ்வரம் கோயிலுக்குக் கிட்ட, தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய இடத்தில் மனித எலும்புகள் வந்தன. மன்னார் நீதவானின் கண்காணிப்பில் தோண்டத் தோண்ட 80க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள். அது பழைய மயானம் என்று ஒரு பக்கம் சொன்னார்கள். பிள்ளைகளைத் தேடுகிற சனம் அதை ஏற்கவில்லை. அதுக்குப் பிறகு 2015, 2019, 2024 என்று மூன்று ஜனாதிபதித் தேர்தல் வந்து போய்விட்டது. வன்னியில் வாக்குக் கேட்டு எல்லாரும் வந்தார்கள். ஆனால் முழு நாடும் பார்க்கிற ஒரு மேடையில், போட்டியாளர்கள் எல்லாரும் இருக்கும்போது, "அந்தக் குழிக்கு உங்கட பதில் என்ன?" என்று கேட்க ஒரு ஆள் வேணும். தெற்கின் வாக்கை நம்பி நிற்கிற இருவர் அதை ஒருத்தரை ஒருத்தர் கேட்கமாட்டினம். வேட்பாளரை வெளியில் விட்டால் அவரோடு சேர்த்து அவர் காவிவந்த கேள்வியும் வெளியில் போகும்.

அதுக்காக 38 பேரையும் ஏற்றச் சொல்லவில்லை. ஆளுக்கு இரண்டு நிமிசம் கொடுத்தாலே ஒரு சுற்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதோடு இங்கே பொம்மை வேட்பாளர் என்றொரு வியாதியும் இருக்குது. இலவச நேரத்தையும் எண்ணும் நிலைய முகவர் இடங்களையும் ஒரு பெரிய வேட்பாளருக்குப் பாவிக்கக் கொடுக்கவென்றே நிற்கிறவர்கள் அவர்கள். கட்டுப்பணம் கட்சிக்காரருக்கு 50,000 ரூபா, சுயேச்சைக்கு 75,000. இந்தக் காசு அவர்களைத் தடுக்கிற அளவு பெரிசில்லை. 2019இல் 35 பேர் நின்றதும் 2024இல் 39 ஆனதும் அதுக்குச் சாட்சி.

ஆகவே கோடு வேணும், ஆனால் முழம் மாறவேணும். நாங்கள் நினைப்பது இதுதான். 22 தேர்தல் மாவட்டங்களில் ஏதாவது ஒன்றில், கடைசியாக நடந்த தேசியத் தேர்தலில் பத்து வீதம் எடுத்த கட்சியின் வேட்பாளருக்கு மேடை. சுயேச்சையாக இருந்தால், அப்படியான கட்சியோ பாராளுமன்றத்தில் ஆசனமுள்ள கட்சியோ அவரை வெளிப்படையாக ஆதரித்திருக்கவேணும். 2024இல் அரியநேத்திரன் இதில் தேறுவார். மன்னாரைச் சேர்ந்த செல்வம் அடைக்கலநாதன் தலைமையிலான ரெலோவே அவர் பின்னால் நின்றது. 2019இல் சுயேச்சையாக நின்று 12,256 வாக்கு எடுத்த எம். கே. சிவாஜிலிங்கம் தேறமாட்டார். அது எங்களுக்குக் கசந்தாலும் விதி விதிதான். மலையகத்தின் கட்சிக்கும் கிழக்கின் முஸ்லிம் கட்சிக்கும் இதே முழம்தான்.

இன்னுமொன்று. ஒரு விவாதமாவது வடக்கிலோ கிழக்கிலோ தமிழில் நடக்கவேணும், சிங்களத்தில் மொழிபெயர்ப்போடு. இவ்வளவு காலமும் மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்து கேட்டது நாங்கள். ஒருமுறை நாட்டை ஆளக் கேட்கிறவர்களும் காதில் கருவியை மாட்டிக்கொண்டு எங்கட கேள்வியைக் கேட்கட்டும்.