சூத்திரமா, நிரலா?

மதுரை ஒத்தக்கடையிலிருந்து இலந்தைக்குளம் ஐடி பூங்காவுக்கு பைக்கில் போய்வரும் இளைஞர் யாரைக் கேட்டாலும் அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொல்வார். கோட் ஓடுவதற்கு முன்பே, 'இந்த மாறியை எங்குமே பயன்படுத்தவில்லையே' என்று குறை கண்டுபிடிக்கும் கருவி போடும் கோடு அது. அந்தக் கருவிக்குப் புது விதி ஒன்றைக் கற்றுக்கொடுக்க இரண்டு வழி உண்டு. பிடிக்கவேண்டியது எப்படி இருக்கும் என்று அதன் வடிவத்தை மட்டும் எழுதிக் கொடுக்கலாம். இல்லையென்றால், எப்படித் தேடுவது என்று படிப்படியாக நிரலே எழுதலாம். முன்னதைச் சூத்திரம் என்றும் பின்னதை நிரல் என்றும் வைத்துக்கொள்வோம்.

சூத்திரம் நமக்குப் பழகிய சங்கதிதான். பாணினி சமஸ்கிருதத்தை ஏறக்குறைய 4,000 சூத்திரங்களில் அடக்கினார். தமிழுக்குத் தொல்காப்பியரின் நூற்பாக்கள் இருக்கின்றன. 1959இல் ஐபிஎம்மின் ஜான் பேக்கஸ், கணினி மொழி ஒன்றின் இலக்கணத்தை எழுத ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தார். அவருக்கு வழிகாட்டியது எமில் போஸ்ட் என்ற தர்க்கவியலாளரின் வேலை. ஆனாலும் பாணினியின் சாயல் அப்படியே இருந்தது. 'பாணினி-பேக்கஸ் வடிவம்' என்றே அழைக்கலாமே என்று 1967இல் பீட்டர் இங்கர்மேன் கடிதம் எழுதினார். பெயர் ஒட்டவில்லை, குறியீடு ஒட்டிக்கொண்டது.

அடுத்த நிறுத்தம் அமெரிக்காவின் பெல் ஆய்வகம். அங்கே ஸ்டீஃபன் ஜான்சன், ஒரு கம்பைலரில் புதுக் குறி ஒன்றைச் சேர்க்கப் போய், 'யாக்' என்ற கருவியையே உருவாக்கிவிட்டார். இலக்கணத்தைச் சூத்திரமாகக் கொடுத்தால், அதைப் படித்தறியும் நிரலை யாக் தானே எழுதித் தரும். அதே ஜான்சன்தான் 1978இல் 'லின்ட்' என்ற முதல் பிரபலமான குறைகாண் கருவியையும் எழுதினார். வேடிக்கை என்னவென்றால், அதன் சோதனைகளை அவர் சி மொழியில் நிரலாகவே எழுதினார். ஒரு கோப்பிலுள்ள ஃபங்ஷனை இன்னொரு கோப்பு சரியான முறையில் அழைக்கிறதா என்று பார்க்க இலக்கணம் மட்டும் போதாது.

இந்த வித்தியாசம் இந்தியாவில் பட்டவர்த்தனமானது ஒய்2கே காலத்தில். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிய, கோபால் என்ற கணினி மொழி நிரல்கள் வெளிநாடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. டிசிஎஸ் இந்த வேலையைத் தொழிற்சாலை போலவே நடத்தியது. தானே செய்த கருவிகளையும் இறக்கியது. தேதி எங்கெல்லாம் இருக்கிறது என்று எப்படித் தேடுவது? 'டேட்' என்று வரும் பெயர்களையெல்லாம் பிடி என்பது சூத்திரம். எழுத ஒரு நிமிடம். ஆனால் அது 'அப்டேட்'டையும் பிடிக்கும், 'கேண்டிடேட்'டையும் பிடிக்கும். அதைவிட மோசம், பிடிக்காமல் விடுவது. பிறந்த தேதியை யாரோ ஒரு மகானுபாவர் 'எக்ஸ்1' என்ற மாறிக்கு 'மூவ்' செய்து, அங்கிருந்து 'டெம்ப்'புக்கு நகர்த்தி, அதில் கழித்தல் கணக்குப் போட்டிருப்பார். பெயரில் தேதியின் வாசனையே இருக்காது. மதிப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால்தான் அகப்படும். அதற்கு நிரல் வேண்டும்.

பிறகு குறைகாண் கருவி செய்ய வந்தவர்கள், சூத்திரம் எழுதும் மொழியை வேறு இடத்திலிருந்து இரவல் வாங்கினார்கள். எக்ஸ்எம்எல் ஆவணங்களில் இடம் சுட்டுவதற்காக 1999இல் வந்த எக்ஸ்பாத் மொழியை, ஜாவாவுக்கான பிஎம்டி கருவி எடுத்துக்கொண்டது. அதில் விதியை எக்ஸ்பாத்திலும் எழுதலாம், ஜாவாவிலும் எழுதலாம். ஜாவாஸ்கிரிப்டில் டக்ளஸ் கிராக்ஃபோர்டின் ஜேஎஸ்லின்ட் அவர் வைத்ததே சட்டம் என்றிருக்க, பொறுக்காதவர்கள் 2011இல் அதைப் பிரித்து ஜேஎஸ்ஹின்ட் என்றார்கள். 2013இல் வந்த இஎஸ்லின்ட், 'உங்கள் விதியை நீங்களே எழுதிச் செருகுங்கள்' என்றது. இணையப் பக்கத்துக்கு நிறம் பூசும் சிஎஸ்எஸ் பாணித் தேர்விகளைக் கொண்டே, இன்ன வடிவம் கூடாது என்று அதில் ஒற்றை வரியில் தடை போட முடிகிறது.

பிரான்சில் லினக்ஸ் கெர்னலைத் திருத்த 'காக்சினெல்' என்ற கருவி பிறந்தது. அதில் விதியும் கோட் போலவே இருக்கும். நடுவில் மூன்று புள்ளி வைத்தால் 'இடையில் எது வேண்டுமானாலும் வரலாம்' என்று பொருள். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான யோவான் பாதியோலோ ஃபேஸ்புக்குக்குப் போனபோது யோசனையும் கூடவே போனது. இன்று செம்கிரெப் என்ற குறைகாண் கருவியில் அதே மூன்று புள்ளி.

என்னைக் கேட்டால், கண்ணால் பார்த்தவுடன் இது தப்பு என்று சொல்லக்கூடியதற்குச் சூத்திரம் போதும். புதிதாகச் சேர்ந்தவரும் அதை வாசிப்பார், திருத்துவார். சூத்திரத்துக்கு எட்டாததை நிரலாக எழுதிய விதி எட்டும். ஆனால் எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டால் தொட ஆளிருக்காது.

இந்த எல்லைக்கோடும் நகர்ந்துகொண்டிருக்கிறது. மும்பை ஐஐடியில் ஜிசிசி கம்பைலருக்காகச் செய்த ஜிடிஎஃப்ஏ என்ற கருவியில், பின்தொடரும் வேலையைப் பொது இயந்திரம் ஒன்று பார்த்துக்கொள்கிறது. எந்தத் தகவல் எங்கே பிறக்கிறது, எங்கே அழிகிறது என்று மட்டும் நாம் குறித்துக் கொடுத்தால் போதும். செம்கிரெப்பிலும் மதிப்பு புறப்படும் இடத்தையும் போய்ச் சேரக்கூடாத இடத்தையும் எழுதிவிட்டால், நடுவழியை அதுவே துரத்துகிறது. 'எக்ஸ்1' இப்போது சூத்திரத்துக்கும் சிக்கும்.