பாதாளத்துத் தண்டவாளமும் பெயரில்லாப் படங்களும்

பெங்களூரில் வாழும் தமிழன்பர்களுக்கு நிலத்தடி ரயில் இன்று வியப்புக்குரியதன்று. 2016-ஆம் ஆண்டிலிருந்து நகரின் நடுப்பகுதியில் மெட்ரோ வண்டி பூமிக்கடியிலேயே ஓடுகிறது. ஆயினும், இந்நகருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில், நூறாண்டுகளுக்கு முன்னரே ஓர் ஊருக்கு அடியில் இருப்புப்பாதை இருந்தது. அதில் பயணிகள் ஏறியதில்லை. பொன் கலந்த பாறையே ஏறியது. வண்டியைத் தள்ளியவர்களில் பெரும்பாலோர் தமிழர். அவ்வூர்தான் கோலார் தங்கவயல்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கப் பணியை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம்மவர்கள் பிழைப்பைத் தேடி அங்குச் சென்றனர். 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரம் அச்சுரங்கங்களை அடைந்தது. பெங்களூர்த் தெருக்கள் அவ்வொளியைக் கண்டது 1905-இல்தான். பூமிக்கடியில் வெடி வைத்துப் பெயர்த்த பாறையைத் தொட்டி வண்டிகளில் நிரப்பி, குறுகிய தண்டவாளங்களின் மீது கையால் தள்ளிச் சென்றனர். பின்னர் அது மேலே ஏற்றப்பட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அங்கே பாறை அனலாய்க் கொதித்தது. சிற்சில வேளைகளில் திடீரென வெடித்து உயிர்களையும் பறித்தது.

இத்தகைய இருளில் புகைப்படம் எடுப்பது எளிதன்று. 1860-களின் தொடக்கத்தில் நதார் என்னும் பிரெஞ்சுக்காரர் பாரிஸ் மாநகரின் நிலவறைகளை மின்விளக்கின் துணையால் படம் பிடித்தார். ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் வரை ஒளி வேண்டியிருந்தது. அவ்வளவு நேரம் மனிதன் அசையாது நிற்கமாட்டான் என்பதால், தொழிலாளிக்குப் பதிலாகப் பொம்மையை நிறுத்தினாராம்! பிறகு மக்னீசிய ஒளி வந்தது. தங்கவயலுக்கு மேற்பார்வையாளர்களை அனுப்பிய இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், 1890-களில் பரோ என்பவர் அவ்வொளியைக் கொண்டு சுரங்கத்தினுள் உயிருள்ள தொழிலாளரையே படமெடுத்தார்.

தங்கவயலின் பழைய படங்களிலும் மனிதர்கள் நிற்கின்றனர். ஆனால் படத்தின் கீழே பெரும்பாலும் சுரங்கத்தின் பெயரும் இயந்திரத்தின் பெயரும் இருக்கும். வண்டி தள்ளியவன் பெயர் இராது. 1930-இல் கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுடைய ரேகை வேண்டப்பட்டது. பெயரை எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், பெங்களூரில் ஒரு நண்பரின் இல்லத்தில் அத்தகைய படமொன்றைக் கண்டேன். தொட்டி வண்டியருகே நால்வர் நிற்கின்றனர். நண்பரின் தாயார் விரல் வைத்து, “இது எங்க அப்பா, இது சித்தப்பா, இவர் பக்கத்து லயன் வீட்டுக்காரர்” என்று சொல்லி வந்தார். நான்காமவரிடம் விரல் நின்றது. “தெரிஞ்சிருந்துச்சு ஐயா, மறந்துபோச்சு” என்றார். அலுவலகக் கோப்புகளில் சொல்லுக்குச் சொல் தேடும் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு, அந்த ஒரு பெயருக்கு நிகரான சொல் கிட்டவில்லை.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய 120 ஆண்டுகளில் அவை ஈந்த பொன் சுமார் 800 டன். பின்னர் நீரிறைக்கும் பம்புகளும் ஓய்ந்தன. ஆழத்துத் தளங்களைத் தண்ணீர் மூடிக்கொண்டது. இனி எவரும் கேமராவுடன் அங்கே இறங்கப் போவதில்லை. ஆகவே அந்த இருப்புப்பாதையின் எஞ்சிய சரித்திரம் நம் இல்லங்களின் பெட்டிகளில்தான் உள்ளது.

அன்பர்களே! தங்கவயலிலிருந்து வந்த குடும்பங்கள் பெங்களூரிலும் பிற ஊர்களிலும் பலவுள. உங்கள் வீட்டில் அத்தகைய படம் இருப்பின், இன்றே முதியவர் அருகில் அமருங்கள். யார், எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு என்று கேளுங்கள். மென்மையான பென்சிலால் படத்தின் பின்புறம் எழுதுங்கள். பூமியில் புதைந்த தண்டவாளத்தை நம்மால் மீட்க இயலாது. அதன்மேல் நடந்தவர் பெயரையாவது மீட்கலாம்.