இராமேசுவரத்துப் பள்ளியின் முதல் வரிசை

இராமேசுவரம் தொடக்கப் பள்ளியை உலகறியச் செய்தவர், அதன் பழைய மாணவர் மர்ஹூம் ஏ. பி. ஜே. அப்துல் கலாம் (1931-2015). 1999இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் ஐந்தாம் வகுப்பு நிகழ்ச்சியொன்றை நினைவுகூர்கிறார். தொப்பியணிந்த அவரும் பூணூலணிந்த இராமநாத சாஸ்திரியும் முதல் வரிசையில் அருகருகே அமர்வது வழக்கம். புதிதாய் வந்த ஆசிரியருக்கு அது பொறுக்கவில்லை. கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். இராமநாதர் அழுதுவிட்டார். அவ்வழுகை கலாமின் நெஞ்சில் நெடுநாள் தங்கிற்று.

பிள்ளைகள் வீட்டில் சொன்னார்கள். இராமநாதரின் தந்தை இலட்சுமண சாஸ்திரி, கோயிலின் தலைமைக் குருக்கள். அவர் ஆசிரியரை அழைத்து, மன்னிப்புக் கேட்க வேண்டும், இன்றேல் பள்ளியையும் தீவையும் விட்டே போக வேண்டும் என்று கண்டித்துரைத்தார். கண்டித்தவர் நம்மவர் அல்லர் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

ஆசிரியர் வருந்தினார், நாளடைவில் திருந்தவும் செய்தார். கற்பிக்கும் தொழிலிலேயே காலங்கழித்த எனக்கு, மாணவர் இருவரையும்விட அவர் நினைவே மிகுதியாய் வருகிறது. அவ்விளைஞரின் பெயரைக் கலாம் எழுதவில்லை.