‘டவுன்டன் அபி’: சாப்பாட்டு மேசையில் யார் உட்காரலாம், யார் நிற்கணும்?

சரித்திரத் தொடர் என்றாலே நீளமான சாப்பாட்டு மேசை ஒன்று கட்டாயம் இருக்கும். எல்லோரையும் ஒரே காட்சியில் காட்டலாம் என்ற வசதிக்காக மட்டுமா? இல்லை. அந்த வீட்டில் யார் பெரியவர், யார் சின்னவர் என்பதை வசனமே இல்லாமல் சொல்லிவிடும் இடம் அது. நல்ல உதாரணம், 2010 முதல் 2015 வரை 6 சீசன்கள் ஓடிய பிரிட்டிஷ் தொடர் ‘டவுன்டன் அபி’.

எங்கே எடுத்தாங்க?

கதைப்படி அந்த மாளிகை இருப்பது யார்க்‌ஷயரில். ஆனால் குடும்பத்தினர் சாப்பிடுவது ஹாம்ப்‌ஷயரில் உள்ள ஹைக்ளியர் கோட்டையின் நிஜமான சாப்பாட்டு அறை. சுவரில் தெரியும் முதலாம் சார்லஸ் மன்னரின் குதிரைச் சவாரி ஓவியமும் அங்கேயே இருப்பதுதான். சமையலறையும் பணியாளர்கள் கூடமும் லண்டன் ஈலிங் ஸ்டுடியோவில் போட்ட செட். அதாவது, பணியாளர் தட்டோடு கிளம்புவது ஓர் ஊரில். மேசைக்கு வந்து சேர்வது வேறு ஊரில், வேறொரு நாளில்!

என்னென்ன விதிகள்?

பணியாளர் இடது பக்கம் நின்று தட்டை நீட்டுவார். சாப்பிடுபவரே எடுத்துப் போட்டுக்கொள்வார். நாற்காலியில் முதுகு சாயக் கூடாது. இதையெல்லாம் கவனிக்கவே அலஸ்டர் புரூஸ் என்ற வரலாற்று ஆலோசகர் இருந்தார். குடும்பம் சாப்பிட உட்காரும் தொடக்கத்தைத் தொடர் பெரும்பாலும் காட்டாது. காட்டினால், அந்தக் கால வழக்கப்படி ஜெபத்தையும் காட்ட வேண்டியிருக்கும்!

கீழே எப்படி?

கீழ்த்தளத்தில் பணியாளர்களுக்குத் தனி மேசை. அங்கேயும் வரிசை உண்டு. தலைமாட்டில் பட்லர் கார்சன். அவர் எழுந்தால் எல்லோரும் எழணும். மேலேயிருந்து மணி அடித்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டுட்டு ஓடணும்.

அப்போ பிரான்சன்?

குடும்பத்தின் கார் டிரைவர் பிரான்சன், அந்த வீட்டு மகள் சிபிலைக் கல்யாணம் செய்துகொள்கிறார். 3-வது சீசனில் அதே மேசையில் மருமகனாக உட்கார்கிறார், விருந்துக்கான உடைகூட இல்லாமல். நேற்றுவரை கூட வேலை பார்த்தவருக்கு இன்று பரிமாற வேண்டிய நிலை கார்சனுக்கு. சாப்பாடு என்னவோ வழக்கமானதுதான். ஆனால் அந்த ஒரு நாற்காலியில் மொத்த வீடும் ஆட்டம் காணுது.

அடுத்த முறை சரித்திரத் தொடர் பார்க்கும்போது, மேசையில் என்ன இருக்கு என்பதோடு நிறுத்திடாதீங்க. சுவரோரம் யார் நிற்கிறாங்கன்னும் பாருங்க.