மீண்டும் நிரம்பும் மின்கலம்

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையின் உச்சியில், கொப்பரையில் நெய் எரிந்து சோதியாகிறது. எரிந்த நெய் எரிந்ததுதான். அதைத் திரும்ப நெய்யாக்க எவராலும் இயலாது. கீழே மாட வீதிகளில் அச்சோதியை நோக்கி நிற்போர் கைகளிலோ இன்று ஆயிரமாயிரம் சிற்றொளிகள். அந்தக் கைப்பேசிகளுக்குள் உள்ள பொருள் பகலெல்லாம் செலவாகி, இரவில் பழைய நிலைக்கு மீண்டுவிடுகிறது. செலவானதைத் திரும்பப் பெறும் இவ்வித்தையை மனிதன் எவ்வாறு கற்றான் என்பதே இன்றைய பேச்சு.

1800ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, இருவேறு உலோகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் மாறி மாறி அடுக்கி முதல் மின்கல அடுக்கைச் செய்தார். அதில் துத்தநாகம் கரைந்து தீர்ந்தால் கலமும் தீர்ந்தது. நெய் விளக்கின் கதையேதான். 1859இல் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாந்தே, இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதவாறு சுருட்டி, நீர் கலந்த கந்தக அமிலத்தில் அமிழ்த்தினார். கலம் மின்சாரம் தரும்போது இரு தகடுகளின் பரப்பும் ஈய சல்பேட்டாக மாறின. எதிர்த்திசையில் மின்சாரத்தைச் செலுத்தியபோது, ஒன்று ஈயமாகவும் மற்றொன்று ஈய ஆக்சைடாகவும் மீண்டன. திரும்பக்கூடிய வினை ஒன்று கைக்கு வந்துவிட்டது.

குடத்தில் நீரை ஊற்றி வைப்பதுபோல மின்கலத்தில் மின்சாரத்தை ஊற்றி வைக்கிறோம் என்று மாணவர் பலர் விடைத்தாளில் எழுதுவர். அவ்விடைக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை. மின்சாரம் உள்ளே தங்குவதில்லை. அதன் ஆற்றல் பொருள்களை மாற்றி வைக்கிறது. அப்பொருள்கள் பழைய வடிவுக்குத் திரும்பும்போது ஆற்றலும் மின்னோட்டமாக வெளிப்படுகிறது.

ஈயக் கலம் உறுதியானது, ஆனால் பெருஞ்சுமை. சென்னை வானொலி நிலையம் 1938 ஜூன் 16ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கியபோது, நம் சிற்றூர்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்சாரம் எட்டவில்லை. அக்காலத்து வானொலிப் பெட்டியில் வால்வுகளைச் சூடாக்கவே மிகுந்த மின்னோட்டம் வேண்டும். மின்சாரமில்லாத ஊரில் அதற்கு ஈயக் கலம் துணை நின்றது. கலம் தீர்ந்தால், அமிலம் சிந்தாமல் அதை வண்டியிலேற்றி மின்வசதியுள்ள ஊருக்கு அனுப்பி ஏற்றிவர வேண்டும். பாட்டுக் கேட்பதற்கும் அவ்வளவு பாடு!

1947இல் அமெரிக்காவில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் சட்டைப்பையில் அடங்கும் வானொலி விற்பனைக்கு வந்தது. அதற்குச் சிறிதளவு மின்னோட்டமே போதும் என்பதால் உலர்மின்கலங்கள் வீடுதோறும் புகுந்தன. விந்தை என்னவெனில், இது ஒருவகையில் பின்னோக்கிய அடி. ஏற்றிப் பயன்படுத்திய இடத்தில் தீர்த்து எறிவது வந்தது. என் இளமையில், சோர்ந்த பாட்டரிக் கட்டைகளைத் திண்ணை வெயிலில் காயவைத்து, மறுபடி டார்ச்சு விளக்கில் போட்டுப் பார்க்காத வீடு அரிது. சற்று நேரம் எரியவும் செய்யும். வெப்பத்தால் உள்ளே வேதிவினை சிறிது விரைவு பெறுவதே காரணம். கலம் நிரம்பிவிட்டதாகப் பொருளன்று.

சுமையும் குறைய வேண்டும், வினையும் திரும்ப வேண்டும். சுவீடன் நாட்டு யுங்னர் 1899இலேயே நிக்கல்–காட்மியம் கலத்தைச் செய்திருந்தார். தொடக்கக்காலக் கைப்பேசிகள் சிலவற்றில் அது இடம்பெற்றது. ஆயினும் அதன் அழுத்தம் 1.2 வோல்ட்டுதான், காட்மியமோ நச்சு உலோகம்.

அறிஞர் கண்கள் லித்தியத்தின்மேல் விழுந்தன. உலோகங்களில் எல்லாம் மிக இலேசானது. எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுப்பது. ஆனால் முரட்டுப் பிள்ளை: நீர் பட்டால் சீறும்; மீண்டும் மீண்டும் ஏற்றினால் ஊசிபோல் வளர்ந்து எதிர்முனையைத் தொட்டுத் தீப்பற்ற வைக்கும். 1970களில் விட்டிங்ஹாம் இதில் வழிகாட்டினார். 1980இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப், கோபால்ட்டு ஆக்சைடின் அடுக்குகளுக்கிடையே லித்தியம் அயனிகள் புகுந்து வெளிவர இயலும் என்று காட்டினார். 1985இல் ஜப்பானின் அக்கிரா யோஷினோ, எதிர்முனையில் லித்திய உலோகத்தையே விலக்கிக் கரியை வைத்தார். நாம் சிறுவயதில் புத்தக ஏடுகளுக்கிடையே மயிலிறகைச் செருகி வைப்போமே, அதுபோல் அயனிகள் அடுக்குகளுக்குள் செருகிக் கொள்கின்றன. ஏற்றும்போது கரிப் பக்கம், பயன்படுத்தும்போது ஆக்சைடுப் பக்கம். ஊஞ்சல்போல் போவதும் வருவதுமே வேலை. ஒவ்வொரு முறையும் சிறிது லித்தியம் கரியின் மேற்படலத்தில் சிக்கிக்கொள்வதால்தான், சில நூறு முறை ஏற்றியபின் கைப்பேசி விரைவில் சோர்கிறது. வெப்பம் அச்சோர்வை விரைவுபடுத்தும்.

1991இல் சோனி நிறுவனம் இக்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு கலமே ஏறத்தாழ 3.7 வோல்ட்டு தரவல்லது. மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97. அவர் 1980இல் தம் கண்டுபிடிப்பை வெளியிட்டபோது வயது ஏறக்குறைய 58. நெடுங்காலம் நம் மாநிலத்தில் அரசு ஊழியர் ஓய்வு பெற்று வீடு திரும்பிய வயது அது. ஓய்வு பெற்ற எனக்கு இச்செய்தியில் தனி மகிழ்ச்சி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். விடுதலை பெற்ற மறு ஆண்டிலேயே, 1948 ஜூலை 25ஆம் நாள், காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அதற்கு வழங்கினார். தலைநகருக்கும் துறைமுகத்துக்கும் தொலைவான செம்மண் சீமையில், மின்கலத்தையும் உலோக அரிப்பையும் ஆராயும் நிலையம்! அன்று பலருக்கு அது பொருந்தாக் கனவாய்த் தோன்றியிருக்கக்கூடும். 1953 சனவரி 14, பொங்கல் நாளில், டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். அழகப்பர் 1957இல் 48 வயது முடியுமுன் மறைந்தார். கைப்பேசி என்ற சொல்லே அவர் செவியில் விழுந்ததில்லை. அவர் நிலத்தில் எழுந்த நிலையம் லித்தியம் அயனிக் கலம் செய்யும் நுட்பத்தை உள்நாட்டிலேயே உருவாக்கி, 2018 ஜூன் மாதம் அதைத் தொழிலுக்கு வழங்க ஒரு நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது.

நுட்பம் இருந்தும், லித்தியத்துக்கும் கோபால்ட்டுக்கும் நாம் பெரும்பாலும் பிறநாடுகளையே நம்பியிருக்கிறோம். ஆகவே பழைய கலங்களிலிருந்து அவற்றை மீட்டெடுப்பது புதிய சுரங்கம் தோண்டுவதற்கு ஒப்பாகும். 2022இல் மத்திய அரசு விதித்த விதிகள், பயன்படுத்திய கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மேல் சுமத்துகின்றன. வண்டியின் பழைய ஈய பாட்டரியைப் பழைய இரும்பு வியாபாரி எடைபோட்டு வாங்கிப் போகிறான். அதன் ஈயம் மறுபடி உருகித் தகடாகிறது. மெல்லிய கைப்பேசிக் கலமோ பல வீடுகளில் மேசை இழுப்பறையில் உறங்குகிறது, அல்லது குப்பையோடு போய் நசுங்கித் தீப்பற்றுகிறது.